சுக்கான் தண்டின் மின்கோளாறு

கொழும்பு ஒருகொடவத்தையில் மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. இத்தகைய நிலையங்களில் பயில்வோர் முதலில் கற்கவேண்டுவது பொருளை மாற்றுவதன்று. பழுதின் காரணத்தை நாடுவதேயாகும்.

சில கார்களில் சுக்கான் தண்டை உயர்த்தவும் தாழ்த்தவும், முன்னும் பின்னும் நகர்த்தவும் சிறு மின்மோட்டார்கள் உள. தண்டு நிற்கும் இடத்தை உணரி என்னும் கருவி கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அறிவிக்கும். அச்செய்தி பிழைபடின் தண்டு இடைவழியில் நிற்கும். அல்லது, பதிந்துவைத்த இடத்துக்குத் திரும்பாது.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பற்றரி, அடுத்து உருகி, அதன்பின் இணைப்புகள். இவை நலமாயிருந்து மோட்டாரும் இயங்குமாயின் உணரியை ஐயுறலாம். மூன்று கம்பியுள்ள மின்தடை உணரியில் ஒரு கம்பி பெரும்பாலும் 5 வோல்ற்று வழங்கும், மற்றொன்று புவித்தொடுப்பு, மூன்றாவது செய்தி தரும். தண்டு நகர்கையில் மூன்றாவது கம்பியின் வோல்ற்றளவு சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். இடையே துள்ளினால் உணரி தேய்ந்திருக்கலாம். அல்லது இணைப்புத் தளர்ந்திருக்கலாம். உணரியைக் கழற்றிய பின்னும் 5 வோல்ற்று வாராவிடின், குற்றம் கம்பியிலோ பெட்டியிலோ உள்ளது. அந்நிலையில் புதிய உணரி வாங்குவது வீண்செலவே.

சுக்கானுள் காற்றுப்பை இருப்பதை மறத்தலாகாது. வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, தயாரிப்பாளர் விதித்த நேரம் காத்திருத்தல் வேண்டும். பொறுமை பணத்தைக் காக்கும். இங்கே உயிரையும் காக்கும்.