கோடைக்கு ஒரு புது வாசனை: வாங்கும் முன் தோலைக் கேளுங்கள்

ஏப்ரல் பிறந்ததும் கடைகளில் வாசனைத் திரவிய அடுக்கின் நிறமே மாறிவிடுகிறது. அதுவரை முன்வரிசையில் நின்ற ஊத், கஸ்தூரி, வனிலா எல்லாம் பின்னுக்குப் போக, இளமஞ்சளும் வெளிர்பச்சையுமாகப் புட்டிகள் முன்னே வருகின்றன. அவற்றில் பல, நாம் பேர்கூடக் கேட்டிராத சிறு நிறுவனங்களின் தயாரிப்பு. முகர்ந்தால், பச்சை எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். வியர்த்துக் களைத்து வந்தவருக்கு அந்த நொடியில் அது பெரிய ஆறுதல். அந்தப் புத்துணர்ச்சிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நம்மில் பலர் கண்ணால் பார்த்திராத பெர்கமோட் என்ற பழம்.

இந்த வாசனையை ஒதுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வாசனைகளில் இது ஒன்று. ஆனால், கோடைக்கென்றே செய்யப்படும் வாசனைகளில் சிலவற்றுக்குக் கோடை வெயிலோடு ஒத்துப்போவதில்லை. இது தெரியாமல் கழுத்தில் கருந்தடம் வாங்கிக்கொண்டு, காரணம் புரியாமல் மாதக்கணக்கில் அலைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த விவரங்கள்.

கலாப்ரியாவின் கடற்கரைப் பழம்

இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில், ரெஜியோ நகரை ஒட்டிய கடற்கரைப் பகுதியில்தான் உலகின் பெர்கமோட்டில் பெரும்பகுதி விளைகிறது. எலுமிச்சை, நாரத்தை இவற்றின் குடும்பம். சதை புளிப்பும் கசப்புமாக இருப்பதால் யாரும் அதை உரித்துத் தின்பதில்லை. மதிப்பெல்லாம் தோலுக்குத்தான். அந்தத் தோலைச் சூடுபடுத்தாமல் அழுத்திப் பிழிந்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 200 கிலோ பழம் வேண்டும். எர்ல் கிரே தேநீரில் வருவதும் இதே வாசனைதான்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய இத்தாலியர் யோஹான் மரியா ஃபரினா உருவாக்கிய நறுமண நீருக்கும் சிட்ரஸ் எண்ணெய்களே அடிப்படை. நம் வீடுகளில் காய்ச்சல்காரரின் நெற்றியில் துணியை நனைத்துப் போட்டார்களே, அந்த யூடிகோலன் இதன் வழிவந்ததுதான். இப்போது புதிது புதிதாக வரும் கோடை வாசனைகளும் பெரும்பாலும் இந்தப் பாதையிலேயே போகின்றன: மேலே பெர்கமோட்டும் எலுமிச்சையும், நடுவில் ஆரஞ்சுப் பூ அல்லது புதினா, அடியில் வெட்டிவேரோ தேவதாருவோ.

வெயிலும் எண்ணெயும் சேரும்போது

பிழிந்தெடுத்த பெர்கமோட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. ஃபுரோகூமரின் வகையைச் சேர்ந்தது. இருட்டில் அது தோலை ஒன்றும் செய்வதில்லை. வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டதும் விழித்துக்கொள்கிறது. தோல் செல்களின் மரபுப் பொருளோடு பிணைந்து அவற்றைச் சேதப்படுத்துகிறது. இதற்கு உங்கள் உடலில் ஒவ்வாமை இருக்க வேண்டும் என்பதில்லை. போதிய எண்ணெயும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம்.

யூடிகோலன் பூசிய இடம் வெயிலில் கருத்துப்போவதை மருத்துவ உலகம் நூறாண்டுக்கு முன்பே பதிவு செய்துவிட்டது. பெர்லாக் தோலழற்சி என்று அதற்குப் பெயர். ஓரிரு நாளில் சிவந்து எரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும். சிலருக்குக் கொப்புளமும் வரும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்குச் சிவப்பு கண்ணில் படாமலே போய், நேராகக் கருமையாகத் தெரிவதும் உண்டு. அந்தக் கருமை மறைய மாதங்கள் ஆகும்.

எங்கே வருகிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் விளங்கிவிடும். காதுக்குப் பின்னால், கழுத்தின் பக்கவாட்டில், மணிக்கட்டின் உள்பக்கம் என்று சென்ட் பூசும் இடங்களிலேயே வரும். திரவம் வழிந்த வழியில் கோடாக, சொட்டாக இருக்கும். இதைக் கழுத்துச் சங்கிலி உரசியதால் வந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கழுத்தைச் சுற்றி இருபுறமும் சமமாக, வெல்வெட் துணிபோலத் தடித்துக் கருத்திருந்தால் அது வேறு. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். அப்படியென்றால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்பவர்களுக்கு ஒரு சொல். சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும்; ஏ கதிரை உள்ளே விட்டுவிடும். கண்ணாடிக்குள் இருக்கிறோமே என்ற தைரியம் இங்கே பயன்படாது.

வெயிலோடு சேரும் இந்த வினையை நம் சித்த மருத்துவம் வேறு பக்கத்திலிருந்து அறிந்திருக்கிறது. வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசியில் இருப்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த சோராலென். சோராலென் மருந்தோடு புற ஊதா ஏ ஒளியைச் சேர்த்துத் தரும் சிகிச்சை நவீன மருத்துவத்திலும் உண்டு. அங்கே அளவும் நேரமும் மருத்துவர் கையில் இருக்கின்றன. கழுத்தில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மே மாதத்து மதியத்தில் இருசக்கர வாகனத்தில் போகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

நிறம் கருக்க வேண்டும் என்று விரும்பும் ஐரோப்பியர்களுக்காக ஒரு காலத்தில் பெர்கமோட் எண்ணெய் சேர்த்த வெயில் எண்ணெய்கள் விற்பனையில் இருந்தன. பெர்காப்டெனும் புற ஊதா ஏ கதிரும் சேர்வதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வெயில் தயாரிப்புகளில் ஃபுரோகூமரின்களைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே கட்டுப்படுத்தியது. வெயில் படும் தோலில் பூசி அப்படியே விடும் பொருள்களில் சாதாரண பெர்கமோட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச நறுமணச் சங்கத்தின் வரம்பு. பெரிய நிறுவனங்கள் பலவும் ஃபுரோகூமரின் நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகின்றன.

ஆகவே, விதிகளை மதித்துச் செய்த புட்டியில் இன்று இந்த ஆபத்து குறைவு. எனக்குக் கவலை தருபவை வேறு: பொருள்பட்டியல் இல்லாத சில்லறைப் புட்டிகள், பெரிய பெயர்களின் போலிகள், ‘இயற்கையானது’ என்ற ஒரே தகுதியோடு வீட்டில் கலந்து விற்கும் ஸ்ப்ரேக்கள். பெர்காப்டெனும் இயற்கையானதுதான். எலுமிச்சையை முகத்தில் தேய்த்துக்கொள்ளும் அழகுக் குறிப்பையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். எலுமிச்சைத் தோலிலும் ஃபுரோகூமரின் உண்டு. தேய்த்துவிட்டு வெயிலில் போகவே கூடாது.

எல்லாச் சிட்ரஸ் வாசனையும் இப்படியில்லை. ஆவியில் வடித்த எண்ணெயில் ஃபுரோகூமரின் ஏறுவதில்லை. பிழிந்த எண்ணெயில்தான் தங்குகிறது. இனிப்பு ஆரஞ்சு எண்ணெய், ஆரஞ்சுப் பூ எண்ணெய் இரண்டுக்கும் இந்தக் குணம் இல்லை. ஆவியில் வடிக்கும் வெட்டிவேர்த் தைலத்துக்கும் இல்லை. கடலூர்ப் பக்கம் விளையும் வெட்டிவேரும், கன்னோஜில் அதே வேரைச் செப்புப் பாத்திரத்தில் வடித்தெடுக்கும் பச்சை நிற ரூ கஸ் அத்தரும் கோடைக்கு நல்ல குளிர்ந்த வாசனைகள். பெர்கமோட் அளவுக்கு விளம்பரம் பெறாதவை.

ஒவ்வாமை வேறு கணக்கு

மேலே சொன்னது வெயிலோடு சேர்ந்த வினை. ஒவ்வாமைக்கு வெயில் தேவையில்லை. உடலின் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் படும்போது அரிப்பு, தடிப்பு, நீர்க்கசிவு என்று காட்டும். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட சென்ட்கூட ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

எலுமிச்சை வாசனைக்குக் காரணமான லிமோனீன், லாவெண்டரில் மிகுதியாக உள்ள லினலூல் ஆகிய இரண்டும் புதிதாக இருக்கும்போது சாதுவானவை. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. அதனால் மூடி சரியாக இல்லாத பழைய புட்டி, காரின் முன்பலகையில் கிடந்து வெந்த புட்டி இரண்டும் வேண்டாம். ஆல்கஹால் மிகுந்த திரவம் என்பதால் அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு அருகிலும் வைக்கக் கூடாது.

ஒவ்வாமை தரக்கூடிய 26 நறுமணப் பொருள்களைப் பெட்டியின் மேல் தனித்தனியாக எழுத வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் நடைமுறைப்படுத்தியது. 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டியது. நம் கடைகளில் பல புட்டிகளில் ‘வாசனைப் பொருள்’ என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். பேர் தெரியாத நிறுவனத்தின் புட்டியை எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லிமோனீன், லினலூல், சிட்ரல், ஜெரானியால் என்று வரிசையாக எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது ஒளிக்காத நிறுவனத்தின் அடையாளம்.

சோதித்துப் பார்க்கும் முறை

கடையில் நாலைந்தை அடுத்தடுத்து முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். காபிக்கொட்டை முகர்ந்தால் தெளியும் என்று நீட்டுவார்கள். வெறும் காற்றைவிட அது அதிகம் உதவுவதில்லை என்று சோதித்தவர்கள் சொல்கிறார்கள். வெளியே போய்ச் சற்று நின்றுவிட்டு வாருங்கள். முதலில் காகிதப் பட்டையில் மட்டும் முகருங்கள். பிடித்திருந்தால் சிறு மாதிரிக் குப்பியைக் கேட்டு வாங்குங்கள். முழுப் புட்டிக்கு அவசரம் இல்லை.

வீட்டில், முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, காலையும் மாலையும் பூசி வாருங்கள். ஏழு நாள் தொடர வேண்டும், ஏனென்றால் ஒவ்வாமை சிலருக்கு மெதுவாகத்தான் வெளிப்படும். அரிப்போ தடிப்போ தெரிந்தால் அன்றே நிறுத்திக் கழுவிவிடுங்கள். அந்த இடத்தைச் சட்டைக் கையால் மூடியே வைத்திருங்கள். வெயிலில் காட்டிச் சோதிக்கும் வேலை வேண்டாம். நீர்க்காத தைலத்தை நேரடியாகத் தோலில் வைப்பதும் கூடாது.

தேறிவிட்டாலும் பகலில் சட்டையின் உள்மடிப்பில் அல்லது கைக்குட்டையில் அடித்துக்கொள்வதே நல்லது. வெப்பத்தில் வாசனை வேகமாக ஆவியாகும். நம் மூக்கு அதற்குப் பழகிவிடும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அடிப்போம். பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அந்த அளவே போதும், மூச்சுத் திணறவோ தலை பிளக்கவோ. கழுத்தில் பூச ஆசை இருந்தால் மாலை மங்கிய பிறகு பூசுங்கள். மழித்த அக்குளிலும் வேர்க்குரு உள்ள இடத்திலும் எப்போதும் வேண்டாம். குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம். தெரியாமல் விழுங்கினால் அதிலுள்ள ஆல்கஹால் சின்ன உடலின் சர்க்கரை அளவைச் சட்டென்று இறக்கிவிடும்.

தடிப்பு வந்துவிட்டால்

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வைத்து, வெயிலிலிருந்து விலகியிருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுவாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கழுத்திலும் முகத்திலும் தடவாதீர்கள். தோல் மெலிந்து, கருமையோடு இன்னொரு நோயும் சேர்ந்துகொள்ளும். இப்படிக் கெட்டுப்போன முகங்களைப் பார்த்து இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்தப் புட்டியையும் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தேவைப்பட்டால் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்வார்கள். இரண்டு நாள் ஒட்டி வைத்திருந்து, எடுத்தபின் ஒருமுறையும் அதற்கு ஓரிரு நாள் கழித்து ஒருமுறையும் பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். அந்தப் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு எதை வாங்கினாலும் முதலில் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.