கட்சிக்கு ஒரு சேனல், ஊருக்கு இரண்டு செய்தி

2001 ஜூன் 30 விடிவதற்குள் மு.கருணாநிதி கைது செய்யப்பட்டார். சன் டிவி வைத்திருந்த வீடுகளில், வயதான முன்னாள் முதல்வரைப் போலீசார் இழுத்துச் செல்லும் காட்சி நாள் முழுக்க ஓடியது. ஜெயா டிவி வைத்திருந்த வீடுகளில், மத்திய அமைச்சர்கள் போலீசாரோடு மல்லுக்கட்டும் காட்சி ஓடியது. இரண்டும் அதே கைது நடவடிக்கையின்போது எடுத்தவைதான். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வேறு வேறு சம்பவத்தைப் பார்த்தார்கள்.

1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் திமுக அல்லது அதிமுகதான் ஆட்சிக்கு வந்தது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு இதன் பொருளை விளக்கவே வேண்டாம். 2001 ஜனவரியில் திமுக ஆட்சி அரியலூரைத் தனி மாவட்டமாக்கியது. 2002-ல் அதிமுக ஆட்சி அதைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தது. 2007-ல் திமுக ஆட்சி மறுபடி பிரித்தது. மனு கொடுக்க எந்த ஊர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறுவது என்பதையே கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பது முடிவு செய்த காலம் அது.

சேனல்களும் கட்சிகளின் வழியே கிளைவிட்டன. திமுக பக்கம் சன் டிவி 1993-ல் வந்தது. அதிமுக பக்கம் ஜெயா டிவி 1999-ல். சன் டிவியின் மாறன் சகோதரர்களோடு கருணாநிதி குடும்பத்துக்கு உரசல் வந்ததும் 2007-ல் கலைஞர் டிவி. பாமக பக்கம் மக்கள் டிவி, தேமுதிக பக்கம் கேப்டன் டிவி. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு ஜெயா டிவி தினகரன் பக்கம் போனதால் அதிமுகவுக்கு நியூஸ் ஜெ. இடையில், 2006 தேர்தல் வாக்குறுதிப்படி இலவச கலர் டிவியும் வீடு தேடி வந்தது.

இவ்வளவு இருந்தும் நம் வாக்காளர் அமெரிக்க வாக்காளரைப் போலக் கட்சிவாரியாக இறுகிப்போகவில்லை. காரணம் என்ன?

அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி பெற்றவர் என்பது பெரும்பாலும் இரு நாட்டுக்கும் பொது. ஆனால் அமெரிக்காவில் கூட்டணி என்ற ஏற்பாடு இல்லை. கட்சியின் வேட்பாளரையே முதலில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஓட்டுக்குத் தீவிர ஆதரவாளர்களே அதிகம் வருகிறார்கள். எதிர்த்தரப்போடு பேசிப் போகிறவர் அங்கேயே கழிக்கப்படுகிறார். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 1987-ல் கைவிடப்பட்டது. 1996-ல் ஃபாக்ஸ் நியூஸும் எம்எஸ்என்பிசியும் வந்தன. 2020 தேர்தலில் வாக்கு இயந்திர மோசடி நடந்ததாகப் பரப்பிய பொய்க்காக, டொமினியன் நிறுவனத்துக்கு 78.75 கோடி டாலர் தர 2023-ல் ஃபாக்ஸ் ஒப்புக்கொண்டது. பொய் என்று தெரிந்த பிறகும் பார்வையாளர் வேறு சேனலுக்கு ஓடிவிடுவாரோ என்ற பயம் அந்த நிறுவனத்துக்குள் இருந்ததை வழக்கு ஆவணங்கள் காட்டின.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு கணக்கு. பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவோம் என்று 1960-ல் சொன்ன அமெரிக்கர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். 2010-ல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப்பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர் அப்படிச் சொன்னார்கள். செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கட்சி என்று யாரும் முதலில் கேட்பதில்லை. சாதியைக் கேட்காமல் யாரும் பேச்சையே எடுப்பதில்லை.

கட்சி இங்கே இறுகாததற்குக் கூட்டணி ஒரு பெரிய காரணம். பெரம்பலூர் மக்களவைத் தொகுதியையே பாருங்கள். எஸ்ஆர்எம் குழும நிறுவனர் பாரிவேந்தர் 2014-ல் பாஜக அணியில் நின்று தோற்றார். 2019-ல் உதயசூரியனில் நின்று வென்றார். 2024-ல் தாமரையில் நின்று திமுகவின் அருண் நேருவிடம் தோற்றார். புதிய தலைமுறை சேனலும் அவருடைய குழுமத்தைச் சேர்ந்ததுதான். சேனல் பலம் இருந்தும், எந்த அணி என்பதைத்தான் மக்கள் பார்த்தார்கள். அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் 2011-ல் பாமகவின் காடுவெட்டி குரு வென்றபோது, விடுதலைச் சிறுத்தைகளும் அதே திமுக அணியில் இருந்தார்கள். அடுத்த தேர்தலில் யாரோடு மேடை ஏறுவோம் என்று தெரியாதபோது, யாரையும் நிரந்தரப் பகையாக்க முடிவதில்லை.

ஆனால் கட்சிக் கோடு சாதிக் கோட்டின் மேலேயே வந்து விழும்போது கதை மாறுகிறது. 2019-ல் அது நடந்தது. சிதம்பரம் தொகுதியில் சிறுத்தைகளின் சின்னம் பானை, பாமக எதிரணியில். வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 18 அன்று அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தெருவில் பானையைப் போட்டு உடைத்தார்கள். தகராறு முற்றி, தலித் குடியிருப்பில் வீடுகள் நொறுக்கப்பட்டன. அந்தத் தொகுதியில் சிறுத்தைகளின் தலைவர் திருமாவளவன் வென்றது வெறும் 3,219 ஓட்டில். வாக்குப்பதிவுக்கு மறுநாள் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோ பெரிய கலவரத்தைக் கிளப்பி, 144 தடை உத்தரவு வரை போனது. அந்த ஆடியோவுக்குக் கட்சிச் சேனல் எதுவுமே தேவைப்படவில்லை.

2022 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்து மாணவி ஒருவர், தஞ்சாவூர் மைக்கேல்பட்டி பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர், இறந்துபோனார். சிகிச்சையில் இருந்தபோது அவர் பேசிய ஒரு சிறு வீடியோ முதலில் பரவியது. மதமாற்றப் பேச்சு அதில் இருந்தது. சில நாளில் இன்னொரு துண்டு வெளிவந்தது. விடுதிக் கணக்கு வேலையைத் தன் தலையில் கட்டியதைப் பற்றி அதில் பேசினார். முதல் துண்டை மட்டும் பார்த்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டாவதை மட்டும் பார்த்தவர்கள் வேறொரு முடிவுக்கு. இரண்டையும் முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள் குறைவு. ஒரு பிள்ளையின் கடைசிப் பேச்சு இப்படித் துண்டு துண்டாகக் கட்சி ஆயுதமானதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

அரசியல் கட்சிகள் டிவி நடத்தக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2008-லும், 2012-லும், 2014-லும் பரிந்துரைத்தது. சட்டமாகவில்லை. சட்டமாக வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் சட்டமானாலும் அது பொன்னமராவதி ஆடியோவைத் தொடாது. தமிழக அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. அரசே நடத்துவதால் எதிர்த்தரப்பினர் அதை ஆளுங்கட்சியின் குரலாகவே பார்க்கிறார்கள். இரு தரப்பும் நம்பும் ஒருவர், வதந்தி கிளம்பிய அன்று மாலைக்குள், அந்த ஊரிலேயே நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இடம் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் காலியாகவே இருக்கிறது.