எஞ்சின் எழுதிவைக்கும் குறிப்பு

காரோட்டியின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு ஒன்று திடீரென்று எரிகிறது. காரோ வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பட்டறைக்குப் போனால் மெக்கானிக் ஒரு சிறு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி 0171 என்று காட்டுகிறது, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் செலவில் அதை மாற்றுகிறோம். இரண்டே வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிகிறது! அப்படியானால் அந்தக் குறியீடு பொய் சொன்னதா? இல்லை. அது சொன்னது ஒன்று, நாம் புரிந்துகொண்டது வேறொன்று.

காரிலுள்ள கணிப்பொறி தன் குறைகளைத் தானே சொல்லும் வழக்கம் புதியதன்று. 1981 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களில் பொருத்திய கணிப்பொறி, விளக்கை மின்னச் செய்தே பேசியது. ஒரு முறை மின்னி, சற்று நின்று, பிறகு இரு முறை மின்னினால் 12 என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பாஷை வைத்திருந்ததால் மெக்கானிக்குகள் திண்டாடினார்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறியீடுகளும், 16 முனைகளுள்ள ஒரே வகைச் செருகுவாயும் கட்டாயமாயின. நம் நாட்டில் இம்முறையின் முதற்படி 2010 ஏப்ரலிலும், இரண்டாம் படி 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. இத்தனை ஏற்பாடும் முதலில் மெக்கானிக்கின் வசதிக்காக அன்று. புகையின் நச்சுத்தன்மையைக் கட்டுப்படுத்துவதற்காகவே என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, பி 0171 என்பதைப் பிரித்துப் பார்ப்போம். 'பி' என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்த பகுதி. அடுத்த 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அடுத்த 1, காற்று-எரிபொருள் அளவீட்டைச் சேர்ந்தது. கடைசி 71, 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்னும் குறிப்பிட்ட புகார்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. இந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்று கண்காணிப்பதே புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணர்கருவியின் வேலை. இது சிர்க்கோனியா என்னும் பீங்கான் பொருளாலானது. இருபுறமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. ஒரு புறம் சூடான புகை, மறுபுறம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் ஆக்சிஜன் அயனிகள் இப்பீங்கானின் ஊடே நகர முடியும். இரு புறமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் ஒரு மின்னழுத்தம் தோன்றுகிறது. உண்மையில் இது ஒரு சிறு மின்கலமே! பெட்ரோல் மிகுந்தால் புகையில் ஆக்சிஜன் இராது, மின்னழுத்தம் 0.9 வோல்ட்டை நெருங்கும். பெட்ரோல் குறைந்தால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும்.

மின்னழுத்தம் தாழ்ந்தே இருந்தால், கணிப்பொறி இன்ஜெக்டரைச் சற்று அதிக நேரம் திறந்துவைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அப்படியும் போதவில்லையென்றால் இன்னும் கூட்டுகிறது. இந்தத் திருத்தம் ஓர் எல்லையை (பல கார்களில் 25 விழுக்காட்டை ஒட்டி) எட்டியதும், 'இதற்கு மேல் என்னால் ஆகாது' என்று பி 0171ஐ எழுதிவைக்கிறது. ஆகவே பெரும்பாலும் உணர்கருவி குற்றவாளி அன்று, சேதி கொண்டுவந்த தூதுவனே.

பின் குற்றவாளி யார்? காற்று நுழையும் வழியில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம்; அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். காற்றை அளக்கும் சூடான கம்பியில் தூசி படிந்திருக்கலாம். ஓடும் காற்று கம்பியைக் குளிர்விக்கிறது. அதைச் சூடாகவே வைத்திருக்கத் தேவைப்படும் மின்னோட்டமே காற்றின் அளவு. தூசி படிந்தால் குளிர்வது குறையும்; வந்த காற்றைவிடக் குறைந்த காற்று வந்ததாகக் கணக்காகும். அல்லது, பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது உள்ளே வெற்றிடம் மிகுதி. குழாயில் ஓட்டை இருந்தால் திருத்த விழுக்காடு அப்போது பெரிதாக இருக்கும், வேகம் கூடினால் குறையும். பம்பு தளர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறு: மேட்டில் ஏறும்போதுதான் திருத்தம் ஏறும். குறியீட்டைக் காட்டும் அதே கருவி, பெரும்பாலும் இந்த எண்ணையும் காட்டும். அதைப் பார்க்காமல் உதிரிப் பாகத்தை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பி 0301 முதல் பி 0304 வரையுள்ள குறியீடுகள் வேறு வகை. இவற்றின் கடைசி இலக்கம், எந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது என்பதைக் காட்டும். கணிப்பொறிக்கு இது எப்படித் தெரியும்? கிராங்க் தண்டிலுள்ள பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை அது அளந்துகொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் என்றால், நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு 10 மில்லி நொடிக்கும் ஓர் எரிதல் நிகழ வேண்டும். ஒன்று தவறினால் தண்டு இம்மியளவு தயங்கும். அந்தத் தயக்கமே சாட்சி. மூன்றாம் சிலிண்டரின் மின்சுருளை இரண்டாவதற்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு 0303 இலிருந்து 0302 ஆக மாறினால் பழுது சுருளில்தான்.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது வினையூக்கிப் பெட்டியில் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கானையே உருக்கிவிடக்கூடும். உடனே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள்.

இன்னொன்று. குறியீட்டோடு, அது பதிவான கணத்தின் வேகம், எஞ்சின் வெப்பநிலை, சுழற்சி முதலிய விவரங்களையும் கணிப்பொறி சேமித்துவைக்கிறது. 'அழி' என்னும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் போய்விடும். பட்டறையில் அழிப்பதற்கு முன் அவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.