பிக்கப் வண்டிக்கு ஆயில் மாற்றுவது எப்போது?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் உழவர்கள் பலர், ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று எண்ணுகின்றனர். இது சரியன்று. டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீரும், ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் டீசலும் கலந்திருக்கலாம். அப்போது நாளைக் கணக்கிடாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மாற்றும் காலம் வண்டியின் கையேட்டில் கிலோமீட்டராகவும் மாதமாகவும் குறிக்கப்பட்டிருக்கும். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. காய்ப்பு இல்லாத மாதங்களில் வண்டி நின்றாலும் மாதக் கணக்கு நிற்பதில்லை.

மண் பாதை, அதிக பாரம், எஞ்சின் சூடேறுமுன் முடிந்துவிடும் 3, 4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை ஆயிலை விரைவில் கெடுக்கும். மார்க்கெட் வாசலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்பதும் அவ்வாறே. அந்த நேரம் மீட்டரில் ஏறாது, எஞ்சினுக்கு அது ஓட்டமே. இத்தகைய வண்டிகளுக்குக் கையேட்டில் 'கடின உபயோகம்' என்று தனியே தந்துள்ள குறைந்த இடைவெளியைப் பின்பற்றவும். அதைவிடவும் முன்னதாக மாற்றுவது வீண் செலவே. வாரம் ஒருமுறை, சமதளத்தில், எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்து, அளவுக்கம்பியைப் பார்த்துவரவும். ஆயிலுடன் பில்டரையும் மாற்ற வேண்டும். கழித்த ஆயிலைக் கிணற்றோரம் கொட்டலாகாது.