ஏ.டி.ஹெச்.டி மாத்திரை... எத்தனை வருஷம் கொடுக்கணும்?

பையன் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுத ஆரம்பித்ததை முடிப்பதில்லை என ஸ்கூலிலிருந்து புகார் மேல் புகார். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால், ‘ஏ.டி.ஹெச்.டி’ எனும் கவனக்குறைபாடு என்று தெரியவருகிறது. மாத்திரை கொடுத்ததும் மாற்றமும் தெரிகிறது. அடுத்து பெற்றோர் கேட்பது, ‘இதை எத்தனை வருஷம் கொடுக்கணும்?’

இதற்குப் பெரும்பாலும் தரப்படும் மருந்து, மெத்தில்ஃபெனிடேட். மூளையில் டோபமைனைக் கூட்டி, கவனத்தைப் பிடித்துவைக்க உதவும். ஆனால், கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வரும்வரைதானே வயல் நனையும்? இந்த மருந்தும் அப்படித்தான். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகளை நான்கு பிரிவுகளாக்கி ஓர் ஆய்வு நடந்தது. 14 மாத முடிவில், கவனமாகக் கண்காணித்து மருந்து தரப்பட்டவர்களே நன்கு தேறியிருந்தார்கள் என்றது 1999-ல் வந்த அறிக்கை. பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது.

அதன்பின் சிகிச்சை, குடும்பங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மூன்றாம் வருடத்தில் நான்கு பிரிவினருக்கும் வித்தியாசமில்லை. அவர்கள் பெரியவர்களான பிறகு, 2017-ல் வந்த அறிக்கையில், நீண்ட காலம் மருந்து எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருக்கவில்லை. உயரம் சராசரியாக 2 செ.மீ-க்கு மேல் குறைந்திருந்தது.

அப்படியானால் மருந்தே வீணா? இல்லை. பாதிப்பு அதிகமுள்ளவர்களே தொடர்ந்து எடுத்திருக்கலாம். ஸ்வீடனில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. மருந்து எடுத்த காலங்களில், குற்றங்களில் சிக்குவது ஆண்களிடம் 32%, பெண்களிடம் 41% குறைந்திருந்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

* 6 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முதல் சிகிச்சை, பெற்றோருக்கான பயிற்சிதான்.

* ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவையுங்கள். பசி, தூக்கம் குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* இது கடும் கட்டுப்பாடுள்ள மருந்து. தனி உரிமம் பெற்ற மெடிக்கல் ஷாப்பில், டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். தீரும் முன்பே வாங்கிவிடுங்கள்.

* நீங்களாக நிறுத்தவோ, அளவைக் கூட்டவோ வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறையாவது, ‘இன்னும் தேவையா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது, பையன் வகுப்பில் எப்படியிருக்கிறான் என்று டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிச் செல்லுங்கள்.