மரத்தைப் பிடித்தபடி 8 மணி நேரம் உயிருக்குப் போராடிய மாடல் அழகி! சுனாமியில் காதலனை பறிகொடுத்தவர் குழந்தைகளுக்காக நிதி திரட்டியது எப்படி?

நாகப்பட்டினம்:

டிசம்பர் 26-ந் தேதி வந்தாலே நாகை கடற்கரையில் பாலும் பூவுமாக கூட்டம் கூடி விடும். வேளாங்கண்ணியில் நினைவு தூண் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மீனவர்கள் அன்று கடலுக்கு போக மாட்டார்கள்.

2004-ம் ஆண்டு சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். இடிந்த வீட்டை கட்டியாச்சு, உடைந்த படகுக்கு பதில் புது படகும் வந்தாச்சு. ஆனால் மனசுல பட்ட அடி? அதற்கு வைத்தியம் என்ன?

இதே கேள்வி அதே நாளில், அதே அலையில் சிக்கிய ஒரு வெளிநாட்டு பெண்ணுக்கும் வந்தது. அவர் பெயர் பெட்ரா நெம்கோவா. செக் குடியரசை சேர்ந்த பிரபல மாடல் அழகி. 2003-ம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் நீச்சல் உடை சிறப்பிதழ் அட்டையில் வந்தவர்.

காதலனை பறித்த அலை

2004 டிசம்பரில் பெட்ரா தன் காதலரான இங்கிலாந்து போட்டோகிராபர் சைமன் அட்லியுடன் தாய்லாந்து நாட்டின் காவோ லாக் கடற்கரைக்கு விடுமுறைக்கு போயிருந்தார். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கு அடியில் ஏற்பட்ட 9.1 அளவிலான நிலநடுக்கத்தால் கிளம்பிய ராட்சத அலை காவோ லாக்கையும் சூறையாடியது.

இருவரும் தண்ணீரில் அடித்து செல்லப்பட்டனர். பெட்ராவின் கண் எதிரிலேயே சைமன் அலையில் மறைந்தார். சில மாதங்கள் கழித்துத்தான் அவரது உடல் அடையாளம் காணப்பட்டது.

பெட்ராவுக்கு இடுப்பு எலும்பு நொறுங்கி விட்டது. அந்த வலியோடு ஒரு மரத்தை கட்டிப்பிடித்தபடி சுமார் 8 மணி நேரம் உயிரை கையில் பிடித்துக் கொண்டிருந்தார். சுற்றிலும் குழந்தைகளின் அலறல் சத்தம். நகர முடியாத நிலையில் அவரால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை. உள்ளூர் மக்கள்தான் அவரை மீட்டனர். பல மாத சிகிச்சைக்கு பிறகே மறுபடி நடக்க பழகினார்.

மீண்டும் அதே ஊருக்கு...

பிழைத்தால் போதும் என்று அவர் ஒதுங்கி விடவில்லை. 2005-ம் ஆண்டே மீண்டும் தாய்லாந்து போனார். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது.

பேரழிவு நடந்த உடனே சோறு, துணி, மருந்து எல்லாம் வந்து குவியும். கேமராக்களும் வரும். கொஞ்ச நாளில் எல்லோரும் மூட்டை கட்டி கிளம்பி விடுவார்கள். அதற்கு பிறகு பள்ளிக்கூடம் இல்லாமல் குழந்தைகள் மாத கணக்கில், வருட கணக்கில் காத்துக் கிடப்பார்கள். இந்த இடைவெளியில்தான் மன அதிர்ச்சி முற்றிப் போகிறது.

இதற்காகவே 2005-ல் ஹேப்பி ஹார்ட்ஸ் பண்ட் என்ற அறக்கட்டளையை பெட்ரா தொடங்கினார். மாடல் அழகி என்ற பெயரை வைத்தே பணக்காரர்களையும் பிரபலங்களையும் விருந்துக்கு அழைத்து நன்கொடை திரட்டினார். சுனாமியின் 10-ம் ஆண்டையொட்டி 2014-ல் நியூயார்க்கில் நடந்த நிதி திரட்டும் விருந்தில் அமெரிக்க முன்னாள் அதிபர் பில் கிளிண்டனும் கலந்து கொண்டார்.

திரட்டிய பணத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா, பெரு, ஹைதி என பேரழிவு தாக்கிய நாடுகளில் பள்ளிகள் எழுந்தன. 2017-ம் ஆண்டு இந்த அமைப்பு இன்னொரு தொண்டு அமைப்போடு இணைந்து ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ் என்ற பெயரில் இயங்க தொடங்கியது குறிப்பிடத்தக்கது.

பள்ளிக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

மன அதிர்ச்சிக்கு மருந்து கொடுக்காமல் பள்ளிக்கூடம் கட்டுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

ஆபத்து வந்தால் உடம்புக்குள் ஒரு அபாய மணி அடிக்கும். நெஞ்சு படபடக்கும், கை கால் உதறும். ஆபத்து போனதும் அந்த மணி நின்று விட வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. அலை சத்தம் கேட்டாலே ஓடத் தோன்றும். தூக்கத்தில் அலறுவார்கள். சம்பவ இடத்து பக்கமே போக மாட்டார்கள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார்கள். குழந்தைகள் அம்மா முந்தானையை விட மாட்டார்கள், படுக்கையை நனைப்பார்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நாளாக நாளாக இது தானாகவே குறைந்து விடும். அதற்கு தேவை பயமில்லாத இடம், தெரிந்த முகங்கள், வழக்கமான வேலை. குழந்தைகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாக கிடைக்கும் இடம் பள்ளிக்கூடம்தான். காலையில் மணி அடிக்கும், டீச்சர் வருவார், பக்கத்தில் நண்பன் இருப்பான். 'நேற்று மாதிரியே இன்றும் இருக்கும்' என்ற நம்பிக்கை மெல்ல திரும்பும்.

சுனாமிக்கு பிறகு தமிழகத்திலும் பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை நிபுணர்கள் வந்து, ஊரில் உள்ள தொண்டர்களுக்கு பயிற்சி கொடுத்தனர். டாக்டர் ஒருவரே எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

செய்யலாமா? கூடாதா?

பாதிக்கப்பட்டவரை எப்படி அணுக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வழிகாட்டி நூல் வெளியிட்டுள்ளது. அதன் சாரம் மூன்றே சொல்: கவனி, காது கொடு, உதவியோடு சேர்த்து விடு.

* 'என்ன நடந்தது சொல்லு, சொல்லு' என்று தோண்டி துருவக் கூடாது. அவராக பேசினால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

* 'அழாதே, எல்லாம் விதி' என்று வாயை அடைக்கக் கூடாது. அழுதால் அழட்டும்.

* சாப்பாடு, தண்ணீர், காணாமல் போன உறவினர் பற்றிய தகவல் இதெல்லாம்தான் முதல் ஆறுதல்.

* தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கி கொடுக்கக் கூடாது. துக்கத்தை மறக்க குடிப்பது பிரச்சினையை பெரிதாக்கவே செய்யும்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, பயம், படபடப்பு குறையாமல் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாவிட்டால் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். இதற்கென்று தனி கவுன்சிலிங் சிகிச்சை முறைகள் உள்ளன. இது பைத்தியம் அல்ல. கால் முறிந்தால் கட்டு போடுவது போலத்தான் இதுவும்.

அரசு மருத்துவமனை மனநல பிரிவில் இலவசமாக சிகிச்சை பெறலாம். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் உதவி மையத்தை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

பெட்ராவுக்கு புகழ் இருந்தது, விருந்து வைத்து கோடிகளை திரட்டினார். எல்லோராலும் அது முடியாது. ஆனால் 20 வருடம் தாண்டியும் அலை சத்தம் கேட்டால் இன்னமும் தூக்கி வாரிப்போடும் ஆள் நம் தெருவிலேயே இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேச்சை கேட்கவும், ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போகவும் காசு பணம் தேவையில்லை.