விமானப் பராமரிப்பு: டிப்ளோமா வேறு, உரிமம் வேறு

எஸ்பிஎம் முடித்த பிள்ளையை விமானப் பராமரிப்புத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் பலர், டிப்ளோமா கிடைத்தாலே போதும் என்று எண்ணுகிறார்கள். பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடும் அதிகாரத்தை அந்த டிப்ளோமா தருவதில்லை.

அதற்கு, மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையமான சி.ஏ.ஏ.எம். வழங்கும் ‘பார்ட் 66’ உரிமம் வேண்டும். ‘ஏ’ பிரிவினர், சக்கரம் மாற்றுவது போன்று தாங்களே செய்த எளிய பணிகளுக்கு மட்டும் கையெழுத்திடலாம். இயந்திரமும் விமான உடலும் ‘பி1’. மின்னணுக் கருவிகள் ‘பி2’. ஒவ்வொரு தாளிலும் 75 விழுக்காடு எடுக்க வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பேற்ற முடியாது. பறக்கும் விமானங்களில் வேலை செய்த அனுபவப் பதிவும் தேவை. ‘பி’ பிரிவினருக்கு போயிங் 737, ஏர்பஸ் ஏ320 என விமான வகைக்கேற்ற தகுதி தனி.

உரிமம் இல்லாதவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றாலும், தம் வேலைக்கு இன்னொருவர் கையெழுத்திடக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, பிடிபிடிஎன் கடன் எடுக்கும் முன், கல்லூரிக்கு சி.ஏ.ஏ.எம்.மின் ‘பார்ட் 147’ அங்கீகாரம் உண்டா, அது எந்தப் பிரிவுக்கு என்று கேட்டறிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சியை முடித்தவர்களுக்கு உரிமத்துக்கான அனுபவக் காலம் குறையும்.